உள்பக்கம் கட்டிய கடிகாரம்

துணிக்கடைக்காரர் படத்தில் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஆள் உயரத்துக்குக் கண்காட்சிச் சுவரை அடைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் தொங்கியது அந்தப் படம். இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார், வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார், மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார், பின்னால் வந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அவருடைய கடைதான், சந்தேகமில்லை. தட்டுகளில் அடுக்கியிருந்த துணிச் சுருள்களில் எது எப்போது வந்தது, எதில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நடுவில் அவர் மனைவி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சில பெண்கள் மங்கலாகச் சிரிக்கிறார்கள். அவரைத்தான் காணோம். கடைசியில் பக்கத்துப் பட்டன் கடைக்காரர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

“அண்ணே, இதோ இருக்கீங்க பாருங்க,” என்று படத்தின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “கை.”

கைதான். முழங்கையோடு அவரை வெட்டிவிட்டிருந்தது படம். சட்டைக் கையின் மடிப்பு, சுண்டு விரலில் நூல் பிரிப்பதற்காக வளர்த்த நகம், துணியில் சிக்கி இழுக்காமல் இருக்க முகப்பை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். அவ்வளவுதான் அவர். படம் எடுக்க வந்த அம்மாள் கடைவீதியில் வேறு எந்தக் கடையிலும் அரை நாளுக்கு மேல் உட்காரவில்லை, நம் கடையில் முழுநாள் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார் கடைக்காரர். அன்று அதற்காகவே முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருந்தார். பட்டன் கடைக்காரரைக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்ததே சாட்சிக்குத்தான். இப்போது சாட்சி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றது.

அந்தக் கை செய்துகொண்டிருந்த காரியம் கடைவீதிக்கே தெரிந்ததுதான். துணியை எடுப்பதா வேண்டாமா என்று யாராவது இழுத்தடித்தால், கடைக்காரர் பில் போடும் மேஜைப் பக்கம் திரும்பி, “இங்க வா” என்பார். மனைவி எழுந்து வருவாள். வருவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட வேண்டும். கண்ணாடி துணியின் அழகைக் கெடுக்கிறது என்று அவர் எப்போதோ போட்ட சட்டம் அது. துணியை உதறி அவள் தோளில் சாய்த்துப் பிடித்து, வந்தவர்களைப் பார்த்து, “இந்த மூஞ்சிக்கே இவ்வளவு எடுப்பா இருக்குதே, உங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!” என்பார். கடையே சிரிக்கும். சிரித்த வாயால் யாரும் அடித்துப் பேரம் பேசுவதில்லை. அதுதான் சூட்சுமம். இன்னொரு சூட்சுமமும் அவரிடம் உண்டு. துணியை விரித்ததும் அவரே ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, “இங்க ஒரு நூல் இழுத்திருக்கு பாருங்க, மறைக்கிறது எனக்குப் பழக்கமில்ல” என்று காட்டுவார். அந்த ஒரு நூலைப் பார்த்தவர்கள் மிச்சத் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள். மனிதருக்கு எதிரே நிற்பவர்களின் முகம் பாடம். துணியைக் கீழே வைத்த பிறகு விரல்நுனியால் மறுபடி தொட்டால் விற்றாகிவிட்டது. கூட வந்தவர் வாசலைப் பார்த்தால் விலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இப்படி எல்லா முகத்தையும் படித்தவர், துணியைத் தாங்கி நிற்கும் முகத்தை மட்டும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. துணியை மாட்டியிருக்கும் ஆணியை யார் பார்ப்பார்கள்? அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் அவள் சிரிக்கவில்லை.

இதில் அவருக்கு ஆத்திரம் வந்தது துணியின்மேல். அன்று அவர் விற்றது மாதுளம்பழச் சிவப்பு. “கலர்ல எடுங்க மேடம், கடையில இருக்கிறதே கலர்தான்” என்று படக்காரம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். “கலர் இருந்தா எல்லாரும் துணியைத்தான் சார் பார்ப்பாங்க” என்று அவர் சிரித்தார். துணிக்கடையில் துணியைப் பார்க்காமல் வேறு என்னத்தைப் பார்ப்பது என்று அன்றைக்கு இவருக்குப் புரியவில்லை. இன்று புரிந்தது. அந்தச் சிவப்பு தரை துடைக்கும் துணியின் நிறத்தில் தோளில் தொங்கியது. கடையில் இருந்த எல்லா நிறங்களும் செத்துப்போய், முகம் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது.

படக்காரம்மா மாலை நேர வகுப்பு நடத்துகிறவர். தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக வந்துகொண்டிருந்தார். அவர் வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. படத்தின் கீழே பெயரோ ஊரோ எழுதுவதில்லை. எல்லோரும் சற்று நேரம் பேசாமல் நின்று பார்க்க வேண்டும். பிறகு படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். கதை கட்டக் கூடாது. இந்தப் படத்துக்கு வருவதற்கு முன் கடைக்காரரிடம் வந்து காதோரமாக, “சார், நீங்க யாருன்னு சொல்லிடாதீங்க. அவங்க பேசறதை மட்டும் கேளுங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். மனைவி ஜன்னலோரம் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் அவ்வளவு பெரிதாக ஒருத்தி இருக்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவளை எதற்குப் பார்ப்பது?

முதலில் பேசியவர் ஒரு பல் டாக்டர். “பின்னாடி இருக்கிறவங்க யாருக்கும் கண்ணே தெரியல மேடம். வாய் மட்டும்தான் இருக்கு. ஒரே பல்லு.” தொழில் புத்தி போகுமா என்று கடைக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“நான் முதல்ல பொம்மைன்னு நினைச்சேன்,” என்றார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்த ஒருவர். “துணி சுத்தி வாசல்ல நிக்கவைப்பாங்களே, அது.”

“அப்புறம்?”

“கழுத்துல நரம்பு தெரியுது. பொம்மைக்கு யாரும் நரம்பு வைக்க மாட்டாங்க.”

பட்டன் கடைக்காரர் இருமினார். குட்டையாக முடி வெட்டியிருந்த ஒரு பெண் படத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டுத் திரும்பினாள். “சிரிக்கிறவங்க எல்லாரும் இவங்க பக்கம் திரும்பியிருக்காங்க. இவங்க மட்டும் அந்தக் கைக்காரரைப் பார்க்கறாங்க. அவர் இவங்களைப் பார்க்கல.”

“அவர் முகமே படத்துல இல்லையே, பார்க்கலன்னு எப்படிச் சொல்றே?”

“கையைப் பாருங்க மேடம். ஆளைப் பார்த்துப் பிடிக்கிற கை தோள்ல படும். இது படவே இல்ல. துணியைத் தொங்கவிட்டுட்டு வேற யார்கிட்டயோ பேசிட்டிருக்கு.”

“இவங்க கோபமா பார்க்கறாங்களா?”

அந்தப் பெண் யோசித்தாள். “இல்ல மேடம். கோபம்னா அவர்கிட்டருந்து இன்னும் ஏதோ வேணும்னு அர்த்தம். இவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அப்போதுதான் கடைக்காரர் அந்த முகத்தை முகமாகப் பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மனைவியின் முகமாக இல்லை, தொழிலில் பழகிய முகமாக. வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, ஊற்றிக் கொடுத்துவிட்ட டீயைக் குடித்து முடிப்பதற்காக மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய முகம். மரியாதையான முகம். தலையைக்கூட ஆட்டும். அந்த முகத்திடம் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் பயனில்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். ஆயிரம் முறை பார்த்து, “இது ஆகாது, அடுத்தவங்களைக் கவனி” என்று அவரே வேலையாட்களுக்குக் கண் காட்டிய முகம். அதை வீட்டில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் சாப்பிட்டு, தூங்கி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, ஜம்பமாக நடந்திருக்கிறார்.

“அது யார் கையா இருக்கும்?” என்றார் படக்காரம்மா.

“முதலாளி கை,” என்றார் பல் டாக்டர். “அந்தம்மா அங்க சம்பளத்துக்கு இருக்காங்க. விடவும் முடியாது, பாவம்.”

“புருஷனா இருந்தா?” என்றார் ஓய்வு பெற்றவர்.

“சே, இருக்காது சார்,” என்றாள் குட்டை முடிக்காரி.

அந்த “சே”தான் அவரைக் கிளப்பிவிட்டது. பெரிதாகத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். “ஹலோ, ஒரு நிமிஷம்!” என்று கையை உயரத் தூக்கினார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்களின் கண் ஒவ்வொன்றாகக் கைக்கு ஏறியது. சட்டைக் கையின் மடிப்பு. சுண்டு விரல் நகம். உள்பக்கம் கட்டிய கடிகாரம். அங்கிருந்து சுவருக்குப் போயிற்று, மறுபடி கைக்கு வந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இறக்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் அதே கையை ஜன்னல் பக்கம் நீட்டி, பழகிய குரலில், “படத்துலயே இவ்வளவு எடுப்பா இருக்காளே, நேர்ல எப்படி இருக்கான்னு பாருங்க!” என்றார்.

கடையாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டன் கடைக்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தரையைப் பார்த்தார். அந்த நிசப்தத்தில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒரே அளவில், வெட்டி வைத்த மாதிரி, சின்னதாக. மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் சிரிக்க வேண்டும் என்ற கணக்கில் அவள் சிரிப்பதை அன்றுதான் அவர் முதல்முறையாகக் கேட்டார். குட்டை முடிக்காரி பதறிப்போய் வாயில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் படக்காரம்மா இருவரையும் தனியே நிறுத்தினார். “நாளைக்குக் காலையில கண்காட்சி சுவரொட்டி அச்சுக்குப் போகுது. இந்தப் படத்தைத்தான் போடலாம்னு இருக்கேன். நீங்க வேண்டாம்னா மாத்திடறேன்மா.”

“வேண்டாம்,” என்றார் கடைக்காரர்.

“நான் அம்மாவைக் கேட்டேன் சார். முகம் அவங்களோடது. கைக்கெல்லாம் ஓட்டு கிடையாது.”

மனைவி படத்தின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெரியாத வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “இருக்கட்டும்,” என்றாள்.

வீட்டுக்கு வரும்வரை கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனமாக இருந்தால் எதிராளி முதலில் இறங்கி வருவார் என்பது அவர் கண்ட உண்மை. அவள் இறங்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அவர் சமையலறை வாசற்படியில் நின்று பேரத்துக்குக் கடையைத் திறந்தார்.

“நமக்கு வேணுமாம்மா இதெல்லாம்? ஊர் சுவரெல்லாம் உன் மூஞ்சி. மழையில நனையும். மாடு திங்கும்.”

“திங்கட்டும்.”

“பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க?”

“அம்மா அழகா இருக்கான்னு நினைப்பாங்க.”

சாதாரணமாகச் சொன்னாள். கேலியா என்று பார்த்தார். வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் இறங்கினார். “உன் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தியே, போய் ஒரு மாசம் இருந்துட்டு வா. கடையை நான் பார்த்துக்கறேன்.” அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இன்னும் இறங்கினார். “சரி, இனிமே கடையில உன்னைக் கூப்பிடல. அந்தப் பேச்சையே விட்டுடறேன். போதுமா? போனைப் போட்டு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

“நீங்க எதுக்கு விலையை இறக்கிட்டே போறீங்க?” என்றாள் அவள். “நான் எதுவும் விக்க வரலையே.”

அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சுவரொட்டி அவருக்கு மறந்துவிட்டது. கண்காட்சியிலிருந்து அவரை உறுத்திக்கொண்டிருந்தது வேறு. “அந்தப் படத்துல என்னைப் பார்த்துட்டு நிக்கிறியே. அப்ப என்ன நினைச்சுட்டிருந்த?”

“ஒண்ணும் நினைக்கல.”

“சும்மா சொல்லாத. ஏதோ நினைச்சிருக்க. எதுவா இருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கத்தியை வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான். “உங்க சட்டைக் காலர்ல ஒரு நூல் ஒட்டிட்டிருந்துச்சு,” என்றாள். “சிவப்பு நூல். எடுத்து விடலாமா, ஆளுங்க இருக்காங்களே, தப்பா நினைப்பாங்களோன்னு பார்த்துட்டு நின்னேன். அவ்வளவுதான்.”

கடைக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நூல்! இவ்வளவு படித்தவர்கள் கூடி நின்று நரம்பு என்றும் கோபம் என்றும் ஒன்றும் வேண்டாம் என்றும் என்னென்ன சொன்னார்கள். கடைசியில் காலரில் ஒரு நூல். பெண்டாட்டிதான் நூலைப் பார்ப்பாள், வேறு யார் பார்ப்பார்கள்? அன்று ராத்திரி இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுவரொட்டி போடட்டும், நன்றாகப் போடட்டும் என்றார். மறுநாள் பட்டன் கடைக்காரரிடம் போய், “படம் பார்க்கத் தெரியணும்யா. அது நூலைப் பார்க்கிற பார்வை” என்று விளக்கமும் கொடுத்தார்.

சுவரொட்டி ஒட்டியாயிற்று. பஸ் நிறுத்தத்தில், பாங்கி மதிலில், கடைக்கு நேர் எதிரே மின்சாரப் பெட்டியின் மேல். வியாபாரம் கூடியது. “அந்தப் படத்துல இருக்கிற அக்கா கடைதானே இது?” என்று கேட்டுக்கொண்டு தெரியாத முகங்களெல்லாம் வந்தன. வந்தவர்கள் சும்மா போகவில்லை. கடைக்காரருக்குப் படத்தின்மேல் பாசமே வந்துவிட்டது. கடை திறக்கும்போது எதிரே பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிக்கொள்வார். அப்படி ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

சுவரொட்டி முகத்தில் கண்ணாடி இல்லை.

அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவர் போட்ட சட்டம்தானே. அந்த முகத்துக்கு வெறுங்கண்ணால் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் தெரியாது. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் விரலில் குத்திக்கொள்ளும், கத்தரிக்கோல் கேட்டால் அளவு நாடாவை எடுத்துக் கொடுக்கும். அதற்குக் காலரில் ஒட்டிய ஒற்றை நூல் தெரிந்ததாம். அதுவும் சிவப்பு என்று நிறத்தோடு. கடைக்காரர் சாவியைப் பூட்டில் விடாமல் நின்றார். ஒரு மூலையைப் பிடித்து, இங்கே ஒரு நூல் பாருங்கள் என்று காட்டினால், மிச்சத் துணியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எத்தனை பேருக்கு விற்றிருப்பார் இப்படி. மேஜைக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவரும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

பின்னால் வந்து நின்ற மனைவி, “என்னங்க, திறக்கலையா?” என்றாள். திறந்தார்.

அன்று முழுக்க அவளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மிச்சத் துணியைப் பிரித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சாயங்காலம் கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டமாக உள்ளே வந்தார்கள். துணி பார்த்தார்கள், விலை கேட்டார்கள், ஆளுக்கொரு போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் துடியானவள் ஒருத்தி, “சார், படத்துல இருக்கிற மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார், ப்ளீஸ்!” என்றாள்.

“அதெல்லாம் இப்ப விட்டாச்சும்மா,” என்றார் கடைக்காரர். “நிறுத்தியாச்சு.”

“அய்யோ சார், அதுக்காகத்தானே வந்தோம். எல்லாரும் வாங்கறோம் சார்.”

பில் மேஜையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் கூப்பிடவில்லை. அவளாகவே எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். தோளைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். “எடுங்க,” என்றாள். “வியாபாரத்தைக் கெடுக்காதீங்க. கேக்கறாங்க இல்ல.”

போன்கள் உயர்ந்தன. தட்டிலிருந்து அவர் கைக்கு வந்தது அதே மாதுளம்பழச் சிவப்பு. உதறினார். உதறல் பழைய மாதிரி வரவில்லை, துணி பாதியில் மடிந்தது. இரண்டு கையாலும் பிடித்து அவள் தோளருகே கொண்டுபோனார். தோளில் படலாமா, படாமல் பிடிக்கலாமா என்று விரல்கள் தடுமாறின. சொல்ல வேண்டிய வசனத்தின் முதல் வார்த்தை நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. பெண்கள் சிரிப்பதற்குத் தயாராக நின்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, வாங்க வந்தவர்களை விட்டுவிட்டு, அவர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றியிருக்கவில்லை. அதன் வழியாக, மரியாதையாக, எந்த அவசரமும் இல்லாமல், அவருடைய காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாலும் காலர் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. நூல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம் என்றால் இரண்டு கையிலும் துணி இருந்தது.